தாமதத்துக்கான காரணம்

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்பவர்கள்
பேருந்து ஓட்டியதில்லை.
எனக்குத் தெரியும்.
பிர்ச். அதுவும் இரண்டு கோடை காய்ந்தது.
துண்டோடு துண்டைத் தட்டினால்
கிண்ணென்று கேட்க வேண்டும்.
பைன் பிசின் அழும், குழாயெல்லாம் தார்.
ஈரவிறகு
புகைவதோடு சரி, சில சொந்தக்காரர்களைப் போல.

பெட்ரோல் போர்முனைக்குப் போய்விட்டது.
ஓட்டுநர்களும் போய்விட்டார்கள்.
பின்லாந்தில் மிஞ்சியது காடு.
அப்புறம் நான்.

பேருந்தின் முதுகில் ஆளுயர இரும்பு உலை.
மேலே மூடி, கீழே தணல்,
நடுவில் மூச்சுத் திணறும் நெருப்பு.
முழுதாய் எரியவிடக் கூடாது.
அரைகுறையாய் வேகும் விறகிலிருந்துதான்
எஞ்சின் குடிக்கும் வாயு கிளம்பும்.
மணமில்லை அதற்கு, நிறமில்லை.
மூடியருகே நெடுநேரம் நின்றால்
முதலில் தலைவலி,
பிறகு காரணமில்லாத சந்தோஷம்,
பிறகு ஒன்றுமில்லை.
சும்மா சிரிப்பு வந்தால் பனியில் போய் நில் என்றார்கள்
இரண்டு நாள் பயிற்சியில்.
அந்த ஆண்டு நான் சிரித்ததெல்லாம் அந்தச் சிரிப்புதான்.

காலணிக்கு அடி மரம்.
படுக்கை விரிப்பு காகிதம், அதுவும் மரம்.
ரொட்டியில் பட்டைமாவு கலந்தவர்களும் உண்டு.
மரத்தைத் தின்று மரத்தில் நடந்து
மரத்தை எரித்துப் பயணம் போய்
நாங்களும் கொஞ்சம்
மரத்துப்போயிருந்தோம்.

டிசம்பர். நூர்மெஸ் ரயிலடி.
கோர்ப்பிவாராவுக்கு ஒரு சவப்பெட்டி,
பின் இருக்கைகளைக் கழற்றி ஏற்றினோம்.
கூட வந்தவள் சைமி.
கையில் பணமில்லை, இரண்டு மூட்டை விறகு.
வாங்கிக்கொள்ளலாம், விதி இருந்தது.
மூட்டையில் விரலால் தட்டினேன். கிண்.
ஏறிக்கொள் என்றேன்.

ஏரிக்கரை வரை என் விறகு.
மேட்டுக்கு முன்னால் அவளுடையதைக் கொட்டினேன்.
மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும்,
அது விதியில் இல்லை, வழக்கம்.
பால்காரி, கட்டுப்போட்ட சிப்பாய்,
கோழிக்கூடையோடு ஒருத்தி,
சைமியும்.
சவப்பெட்டி மட்டும் இறங்கவில்லை.

பாதி மேட்டில் எஞ்சின் இருமி நின்றது.
ஏணி போட்டு மூடியைத் திறந்தேன்.
தணலுக்கு மேலே வெற்றிடம்,
வெற்றிடத்துக்கு மேலே துண்டுகள்
ஒன்றோடொன்று கைகோத்துப் பாலம் கட்டி நிற்கின்றன,
விழ மாட்டோம் என்று.
எல்லாம் நீளம்.
உள்ளங்கை அளவு வெட்டு என்றால்
முழங்கைக்குப் பாதி வெட்டியிருக்கிறான்.
ஒன்றுகூட ஒன்றைப் போல் இல்லை.

"எந்த மடையன் வெட்டியது இது?"
கத்தினேன். மேடு முழுக்கக் கேட்டது.

கீழே சைமி
சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.
நிமிராமல் சொன்னாள்:
"ஓர்வோ.
போன வருஷத்துக்கு முந்தின வசந்தத்தில், ஒரே மத்தியானத்தில்.
சாயங்காலம் ரயில்.
அவசரக்காரன்.
சின்னதா வெட்டுடா என்றேன்,
வந்து வெட்டறேன் என்றான்."

சிப்பாய் தொப்பியைக் கழற்றினான்.
கோழி ஏதோ சொன்னது.
நான் இரும்புக் கம்பியை எடுத்து
பாலத்தைக் குத்தினேன்.
உடையவில்லை. மறுபடி குத்தினேன்.
சரசரவென்று சரிந்தது,
ஓர்வோவின் ஒரு மத்தியானம் தணலில்.

கொஞ்சம் கூடவே நின்றுவிட்டேன் மூடியருகே.
சிரிப்பு வரவில்லை.
தலைவலி மட்டும்.

எஞ்சின் பிடித்தது.
மேடு ஏறியது.
நல்ல விறகு, அதைச் சொல்லியாக வேண்டும்,
கோர்ப்பிவாரா வரை
ஒரு துண்டும் என்னுடையது தேவைப்படவில்லை.

இரவு கணக்குப் புத்தகம் எழுதினேன்.
கிலோமீட்டர்: நாற்பத்தொன்று.
பயணிகள்: ஒன்பது.
சரக்கு: ஒன்று.
எரிபொருள்: பிர்ச், மூட்டை இரண்டு, கட்டணமாகப் பெற்றது.
தாமதம்: ஐம்பது நிமிடம்.
காரணம் என்ற கட்டம் மிகச் சின்னது.
துண்டுகள் நீளம், என்று எழுதி
மை காயுமுன் மூடிவிட்டேன்.
எதிர்ப்பக்கத்தில் இன்னும் இருக்கிறது
தலைகீழாய்.